முகத்தின் நம்பர்

மார்ச் 3, திங்கள்

வேன் முடிந்தது. காலை பதினோரு மணிக்குப் பட்டறைக் கதவை முழுசாகத் திறந்து, ஓட்டி வந்து தெருவில் நிறுத்தினேன். தெருவே திரண்டு நின்றது. (தெரு என்றால் டீக்கடைக்காரர், எதிர் மாடியில் துணி காயப்போட்ட அம்மா, ஒரு நாய். போதாதா?)

செத்துப்போன இரண்டு வேன்களிலிருந்து உயிருள்ள ஒரு வேன். ஒன்றைப் பின்னாலிருந்து லாரி நொறுக்கியிருந்தது, முகம் மட்டும் பளிச். இன்னொன்று மரத்தில் முட்டி முகம் போனது, முதுகு பத்திரம். இரண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதியோடு நல்ல பாதியைச் சேர்த்து வெல்டிங் வைத்தேன். மேலே தகடு, தகடு மேலே மேடுபள்ளம் மறைக்கிற பட்டிப் பூச்சு, தேய்ப்பு, மூன்று கோட் வெள்ளை. நாற்பது நாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. எட்டாம் வகுப்பு படித்த கை இது. கம்பெனிக்காரன் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவான்.

பதிவு விஷயம் — அதுவும் முடிந்த மாதிரிதான். ஜனவரியிலேயே வாகன அலுவலகம் போய்வந்தேன். “ரெண்டு வண்டியை ஒட்டினதா? இன்ஜினியர் பார்த்துச் சான்றிதழ் குடுக்கணும். அதுவரைக்கும் ரோட்டுல ஏத்தாதீங்க” என்றார் ஜன்னலில் இருந்தவர். எந்த இன்ஜினியருக்கு என்னைவிடத் தெரியும்? விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் நம்பர் இல்லாமல் வண்டி மொட்டையாக இருக்கக் கூடாது. முன்பாதி வேனின் நம்பர் பலகை பட்டறையில் கிடந்தது, அதை மாட்டினேன். யோசித்துத்தான் மாட்டினேன். மனுஷனுக்குப் பெயர் எதை வைத்து? முகத்தை வைத்துத்தானே? முதுகைப் பார்த்து யாராவது கூப்பிடுகிறார்களா? முகம் அந்த வேனுடையது. அப்போ நம்பரும் அதுதான்.

மார்ச் 4, செவ்வாய்

கீழ்வீட்டில் தங்கையும் மச்சானும் அவர்கள் மகளும். மாடியில் நான். இருபத்தாறு வருஷமாக இதே ஏற்பாடு.

தங்கை மகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. நூற்றுப் பத்துப் பேரில் எடுத்தது நாலு பேரை, அதில் பெண் இவள் ஒருத்திதான். (இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, கடிதத்திலேயே இருக்கிறது.) ஏப்ரல் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். ஒரே நிபந்தனை — லைசென்ஸில் கறை இருக்கக் கூடாது, பேரில் வழக்கு இருக்கக் கூடாது.

“மாமா, அதுவரைக்கும் பெரிய வண்டியில கை பழகணும். உங்க வேனைக் காலையில ஒரு மணி நேரம் எடுத்துக்கவா?”

“கேக்கணுமா டிரைவரம்மா? சாவி ஆணியில தொங்குது.”

“பேப்பர் எல்லாம் ஆயிடுச்சா?”

“ஆச்சு, ஆச்சு. மாமா மேலயே சந்தேகமா?”

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துப் போனாள். பாதி ஆனதை ஆச்சு என்று சொல்வதில் என்ன தப்பு? மீதிப் பாதி ஆகத்தானே போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாரையும் வேனில் ஏற்றி ஆற்றங்கரை வரை ஒரு சுற்று. மச்சானுக்குக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் பையில் போடுவார். வேனைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு என்னைக் கேட்டார்.

“மச்சான், பதிவுப் புத்தகம் எங்க?”

“பட்டறை அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். நம்ம ஊரு எலியை நம்ப முடியாது.”

“எலியை நம்பலாம். உங்க வாயை எந்த ஆபீஸ்ல பதிவு பண்ணீங்க, அதைச் சொல்லுங்க.”

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். ஆனால் திரும்பி வரும்போது பாலத்து மேட்டில், என் சீட்டுக்குப் பின்னால் எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. புது வண்டி, பூட்டு, இணைப்பு எல்லாம் இறுகி உட்கார வேண்டாமா. அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 12, புதன்

சந்திப்பில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் வேனையே பார்த்தார். கையை விரித்து, உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் ஒரு வணக்கம் வைத்தேன். அவர் திருப்பி வைக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு ரசிகர் வந்தார்! வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, பேச்சில் அவசரமே இல்லை. பட்டறைக்கு எதிரே காரை நிறுத்தி, வேனை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்தார். “நல்லா இருக்கே, யார் வேலை?” என்றார். அவ்வளவு போதாதா எனக்கு? ஸ்டூல் போட்டு, டீ சொல்லி, ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்தேன்.

எங்கே அறுத்தேன், எப்படி ஒட்டினேன், எத்தனை வெல்டிங் கம்பி உருகியது — எல்லாம் சொன்னேன். நாற்பது நாளைப் பதினெட்டு நாள் என்று சொன்னேன். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்து இந்த வேலையைக் கற்றுத்தரச் சொல்லிக் காலில் விழுந்ததையும் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். என் பேச்சை ஒரு மனிதர் எழுதி எடுத்துக்கொண்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

“நம்பர் எந்த வண்டியோடது?”

“முகத்தோட நம்பர்தான் சார்!”

லேசாகச் சிரித்தார். அதையும் எழுதினார்.

“யார் ஓட்டறாங்க?”

“என் தங்கச்சி பொண்ணு சார். காலையில ஆறு மணிக்கு எடுத்தான்னா பாலம் வழியா ஒரு சுத்து, ஏழு மணிக்கு டாண்ணு வாசல்ல நிக்கும். சும்மா ஓட்டறவன்னு நினைக்காதீங்க. இந்த வண்டியில ஒவ்வொரு போல்ட்டும் அவளுக்குத் தெரியும். அறுக்கும்போதும் ஒட்டும்போதும் பக்கத்துல நின்னவளே அவதான். நம்பர் பலகையை மாட்டினது அவ கை!”

இந்தக் கடைசிப் பேச்சு — அழகுக்குச் சொன்னது. அவள் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, அந்த நாற்பது நாளும் ஆஸ்பத்திரியில் முதலுதவிப் பயிற்சியில் இருந்தாள். ஆனால் ஒரு பொண்ணு வெல்டிங் பக்கத்தில் நிற்கிறாள் என்றால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்!

போகும்போது அவர் டீக்குக் காசு கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. “இல்ல, நான் யார்கிட்டயும் ஓசியில குடிக்கக் கூடாது” என்று சொல்லி, ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 15, சனி

ஓசியில் குடிக்கக் கூடாத மனிதர் என்ன மனிதர்? என்ன உத்தியோகம்?

மார்ச் 16, ஞாயிறு

சாவியை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். பிறகு, என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் திரும்ப மாட்டிவிட்டேன். “பதிவு ஆகலை” என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

பிடித்துவிட்டார்கள்.

ஏழு மணி ஆகியும் வேன் வரவில்லை. எட்டு மணிக்கு அவள் நடந்து வந்தாள். பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டி நிறுத்திக் காத்திருந்தார்களாம். ஏதோ கொள்ளைக்காரியை மடக்குவதைப் போல. இறங்கச் சொல்லி, நம்பரைப் பார்த்து, “இந்த நம்பர் வண்டியை உடைச்சுப் போட்டாச்சுன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே பதிவேட்டுல அடிச்சாச்சு. நீ எப்படி அதை ஓட்டிட்டு வர்றே?” என்று கேட்டார்களாம். இவள் என்ன சொல்வாள்? “பேப்பர் எல்லாம் மாமாகிட்ட இருக்கு சார்” என்றாளாம். வேனைக் கொக்கி போட்டு இழுத்துப் போனார்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள்.

தங்கைதான் கத்தினாள். “அண்ணா, ஒரு தடவை — ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லு. பதிவு ஆச்சா இல்லையா?”

“ஆகுற மாதிரிதான்...”

“ஆச்சா, இல்லையா?”

இல்லை என்றேன். இல்லை, இல்லை, இல்லை. போதுமா? ஐயோ, நான் எதுக்கு இவ்வளவு சத்தமாப் பேசினேன்? யார் மேல கோபம் எனக்கு?

மச்சான் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் போனேன். “வண்டி என்னோடது. கேஸை என் மேல போடுங்க, பொண்ணை விடுங்க” என்றேன். சினிமாவில் இப்படிச் சொன்னால் போலீஸ்காரர் எழுந்து நிற்பார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கவில்லை. இட்லிக்குக் காத்திருக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, “உங்க மேலயும் போட்டாச்சு பெரியவரே. ஓட்டினவங்க மேல தனி. சட்டம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சவங்களைத்தான் முதல்ல கேக்கும்” என்றார்.

அவர் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால் அபராதம், வண்டி பறிமுதல், லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். உடைத்துப் போட்ட வண்டியின் நம்பரைத் தெரிந்தே மாட்டி ஓட்டினால் ஆறு மாதம்வரை சிறை. அந்த ‘தெரிந்தே’யில்தான் எல்லாம் இருக்கிறதாம்.

“அவளுக்குத் தெரியாது சார்.”

“அப்படியா?” என்று ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் வாகன ஆய்வாளர். அவர் நோட்டிலிருந்து பெயர்த்து எழுதிய அறிக்கை. அறுக்கும்போதும் ஒட்டும்போதும் பக்கத்தில் நின்றாள். நம்பர் பலகையை மாட்டியது அவள் கை. என் பேச்சு, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

இதைக் கீழ்வீட்டில் நானேதான் போய்ச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 21, வெள்ளி

வக்கீலைப் பார்த்தோம். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அம்மா.

ஓட்டினவருக்குத் தெரியாது, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் அவளை முழுசாக விடுவிக்கலாம். கறை இருக்காது. ஆஸ்பத்திரி வேலை போகாது. அதற்கு நான் கோர்ட்டில் நின்று, பதிவு ஆனதாக அவளிடம் பொய் சொன்னேன், ஆய்வாளரிடமும் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்த ஆறு மாதச் சட்டம் அப்படியே என் தலையில். பட்டறை உரிமமும் போகும்.

நான் வேறொரு கதை தயார் பண்ணி வைத்திருந்தேன். பலகையை மாட்டியது பெயிண்ட்காரன், அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான், அவனுக்கு மனசு சரியில்லை, அவன் அண்ணனுக்கும்... நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இந்தப் பெயிண்ட்காரரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தீங்கன்னா உங்க மருமகள் உள்ள போவாங்க. புரியுதா?”

தங்கை மகள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “அவர் என்ன சொல்லணுமோ சொல்லட்டும் மேடம்” என்றாள்.

அவர். மாமா இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். ஒன்றும் செய்யவில்லை. டீக்கடைக்காரர், “என்ன தலைவரே, இன்னிக்குக் கதை இல்லையா?” என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பறிமுதல் வண்டிகள் நிற்கும் திடலில் வேனைப் பரிசோதித்தார்கள். உரிமையாளர் கூட இருக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். போகும்போதுகூட உள்ளுக்குள் ஒரு எண்ணம், என் வேலையைப் பார்த்துவிட்டு அசந்துபோய் விட்டுவிடுவார்கள் என்று.

வேனை மேலே தூக்கி நிறுத்தினார்கள். அந்த வெள்ளைச் சட்டைக்காரரேதான். சின்னச் சுத்தியலால் அடியில் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். நடுவில் வந்ததும் சத்தம் மாறியது. தொண்டை கட்டினவன் இருமுவதைப் போல. பட்டியைச் சுரண்டி எடுத்தார்.

“இங்க வாங்க. நகத்தை வைங்க.”

வைத்தேன். நகம் போயிற்று. விரல் நுனி போயிற்று. என் வெல்டிங் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை விட்டிருந்தது. வலது மூலையில் நாலு விரல்கடை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

“இதுக்குத்தான் இன்ஜினியர் பார்க்கணும்னு சொல்றது” என்றார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். “இன்னும் பத்து நாள் ஓடியிருந்தா, பாலத்து மேட்டுல முன்பாதி மட்டும்தான் போயிருக்கும்.”

முன்பாதியில் அவள் உட்கார்ந்திருப்பாள். இல்லை, பின்பாதி இழுத்து — வேண்டாம். எழுத மாட்டேன்.

அந்த ‘டக்’. எனக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தி மூணு வருஷம் இரும்போடு இருந்தவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாதா? தெரிஞ்சுதான் பூட்டு உட்காருதுன்னு எழுதினேன். யாருக்காக எழுதினேன்? இந்த நோட்டை யார் படிக்கிறார்கள்?

ஏப்ரல் 3, வியாழன்

வக்கீலம்மா வாக்குமூலத்தை என்னையே எழுதிவரச் சொன்னார். ஆறு பக்கம் எழுதிப் போனேன். பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே வந்தார். எட்டாம் வகுப்பு வாத்தியார்கூட அப்படி அடித்ததில்லை. கடைசியில் மூன்று வரி மிஞ்சியது:

வண்டி பதிவாகவில்லை என்று எனக்குத் தெரியும். பதிவாகிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். வண்டி செய்தபோது அவள் அங்கே இல்லை, ஆய்வாளரிடம் நான் சொன்னது பொய்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில். நீட்டக் கூடாது.”

ஏப்ரல் 9, புதன்

கோர்ட். மூன்று வரியையும் சொன்னேன்.

அரசு வக்கீல் இளைஞர். சிரித்த முகம். “ஆய்வாளர்கிட்ட சொன்னது பொய், இங்க சொல்றது உண்மை. சரி. நாளைக்கு வேற யார்கிட்டயாவது இது பொய்ன்னு சொல்லுவீங்களா? உங்களை எதை வச்சு நம்பறது?”

அதற்குப் பதில் வைத்திருக்கிற மனிதன் நான் இல்லை. நீதிபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். முடிந்தது, என் வாயே பொண்ணை உள்ளே தள்ளிவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் வக்கீலம்மா மச்சானைக் கூண்டில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி வருகைப் பதிவேட்டின் நகலை மச்சான் கையோடு கொண்டுவந்திருந்தார். நாற்பது நாளும், காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை அவள் கையெழுத்து. பிறகு என்னைப் பற்றிக் கேட்டார்கள்.

“இவர் என் மனைவியோட அண்ணன். இருபத்தாறு வருஷமா ஒரே வீடு. இவர் சொன்னதுல பாதி உண்மையா இருந்திருந்தா நான் இன்னிக்கு விமானத்துல வந்து இறங்கியிருப்பேன் ஐயா.”

சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹெலிகாப்டரை ஸ்பூனால் பழுது பார்த்தது. வெளிநாட்டுக்காரன் காலில் விழுந்தது. மூச்சைப் பிடித்து ஆற்றைக் கடந்தது. சரக்குப் பட்டியல் வாசிப்பதைப் போல, ஏற்ற இறக்கமே இல்லாமல். கோர்ட் சிரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஆற்றில் மூழ்குகிற மாதிரி இருந்தது. நான் நீந்தவே கற்றதில்லை.

“அப்படிப்பட்டவர் பதிவு ஆச்சுன்னு சொன்னதை உங்க பொண்ணு மட்டும் ஏன் நம்பினாங்க?” என்று அரசு வக்கீல் மடக்கினார்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நானும்தான் நம்பினேன். புத்தகம் எங்கேன்னு கேட்டேன், ஆனா எடுத்துக் காட்டுங்கன்னு கேக்கலை. ஏன்னா வண்டி அவர் தொழில். கதையில பொய் சொல்லுவார், தொழில்ல சொல்லமாட்டார்னு வீட்டுல எல்லாரும் நினைச்சோம்” என்றார்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தீர்ப்பு. அவளை விடுவித்தார்கள். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்தது, சுத்தமாக. எனக்கு முப்பது நாள் சிறை. பட்டறை உரிமம் ரத்து. வேனை நசுக்கிப் போட உத்தரவு. பட்டறையை ஒழித்துக்கொடுக்க இருபத்தெட்டாம் தேதிவரை அவகாசம். அன்று பத்து மணிக்கு நானாகப் போய்ச் சேர வேண்டும்.

வக்கீலம்மா, “குறைச்சலாத்தான் குடுத்திருக்காங்க” என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவளுக்கு முதல் நாள் வேலை. ஐந்தே முக்காலுக்குக் கீழே கேட் திறந்தது, மூடியது. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கருவிகளைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். “பேர்போன பட்டறையாச்சே” என்றார். “ஓரளவுக்கு” என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல் துலக்கும் பிரஷ், இரத்த அழுத்த மாத்திரை. நோட்டு கொண்டுபோகலாமா என்று தெரியவில்லை. இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

மதியம் மாடிப்படியில் காலடிச் சத்தம். தங்கை என்று நினைத்தேன். அவள் மகள்தான். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. போலீஸ் கொடுத்த அந்தத் தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனதிலிருந்து இன்றுதான் என் அறை வாசலில் நிற்கிறாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா?”

“பத்து மணிக்கும்மா.”

“எனக்கு அப்போ டூட்டி.”

“தெரியும். மச்சான் கூட வரேன்னு சொல்லியிருக்கார்.”

வாசற்படியிலேயே நின்றாள். பையைப் பார்த்தாள். உள்ளே வந்து, மடித்த சட்டையை எடுத்து உதறி, நான் மடித்தது சரியில்லை என்பதைப் போல மறுபடி மடித்து வைத்தாள். மாத்திரையை எண்ணிப் பார்த்தாள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றேன்.